ஏரிக்கரை நிழற்படங்களும் சமூக வரலாறும்: ஐடில்வைல்ட் படநூலை முன்வைத்து

பழைய நிழற்படங்களைக் கொண்டு ஊர் வரலாறு எழுதும் முறை அமெரிக்காவில் தனியொரு நூல்வகையாகவே வளர்ந்துள்ளது. ஆர்கேடியா பதிப்பகத்தின் 'இமேஜஸ் ஆஃப் அமெரிக்கா' வரிசை இதற்குத் தக்க சான்றாகும். பக்கத்திற்கு ஒன்றோ இரண்டோ படங்கள், அவற்றின்கீழ்ச் சில வரிப் படக்குறிப்பு என்பதே இவ்வரிசை நூல்களின் அமைப்பு. ரொனால்டு ஜே. ஸ்டீபன்ஸ் 2001இல் இவ்வரிசையில் வெளியிட்ட நூல், மிச்சிகன் மாநிலத்து லேக் கவுண்டியில் ஓர் ஏரியைச் சூழ்ந்து உருவான ஐடில்வைல்ட் என்னும் கறுப்பின மக்களின் கோடைவாசத்தலத்தைப் பற்றியது. 'கறுப்பு ஈடன்' என்பது அவ்வூருக்கு வழங்கும் சிறப்புப்பெயர். நூலின் தலைப்பிலும் அதுவே இடம்பெற்றுள்ளது.

ஈடன் என்னும் சொல்லிலேயே இழப்பும் அடங்கியிருக்கிறது. ஒரு தோட்டம் இருந்தது, பின்னர் அது பறிபோயிற்று என்னும் கதைப்பின்னலைத் தலைப்பே வாசகர் கையில் தந்துவிடுகிறது. படங்களை அப்பின்னலுக்குள் அடக்கி வாசிப்பது எளிது. ஆயின், அவை அதற்கு முழுதும் இசைகின்றனவா என்பது ஆய்வுக்குரியது.

ஐடில்வைல்ட் மரம் வெட்டித் தீர்ந்த நிலத்தில் எழுந்த ஊர். 1912 முதல் பிராஞ்ச் குடும்பத்தார் உள்ளிட்ட வெள்ளையின நில வணிகர்கள் ஏறத்தாழ 2,700 ஏக்கரைத் திரட்டினர். சிகாகோ, டெட்ராய்ட் முதலிய நகரங்களின் கறுப்பின நடுத்தர வகுப்பாரை 1915 முதல் அழைத்துவந்து மனைகளைக் காட்டினர். 25 அடிக்கு 100 அடி அளவுள்ள மனையின் விலை 35 டாலர். முன்பணம் 6 டாலர், மாதத்தவணை 1 டாலர். நம் வழக்கில் சொன்னால் ஒரு கிரவுண்டைச் சற்றே விஞ்சிய நிலம். 29 மாதத்தில் கடன் தீரும். விற்பனைக்கெனத் துண்டறிக்கைகளும் விளம்பரப் படங்களும் வெளியாயின. ஆகவே இவ்வூரின் தொடக்ககாலப் படங்களுள் ஒரு பகுதி விற்பவர் கண்ணால் எடுக்கப்பட்டது. மக்கள் தம்மைத் தாமே பதிந்த படங்களோடு அவற்றை ஒருசேர வைத்தல் தகாது. தொடக்கத்தில் மனை வாங்கியோர் தங்கிய ஓரறைக் குடில்களுக்கு 'நாய்க்கூடு' என்னும் பொருள்படும் பெயர் வழங்கியது. விளம்பரம் பேசிய மொழிக்கும் அங்கே தங்கியோர் பேசிய மொழிக்கும் உள்ள தொலைவை இந்த ஒரு பெயரே அளந்து காட்டிவிடுகிறது.

குளியல் படங்களே இத்தொகுப்புகளின் உயிர்நிலை எனலாம். நீச்சலுடையில் கரையில் அமர்ந்திருப்போர், படகில் சாய்ந்திருப்போர், நீரில் இடுப்பளவு நின்று கேமராவைப் பார்த்துச் சிரிப்போர் என இவை பார்வைக்கு எளியவை. எந்த ஏரிக்கரையிலும் எவரும் எடுத்திருக்கக்கூடியவை. இவற்றின் பொருள் சட்டத்திற்கு வெளியே உள்ளது. 1919 ஜூலை 27 அன்று சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், எழுதப்படாத நிற எல்லையைக் கடந்துவிட்டான் எனக் கல்லெறியப்பட்டு நீரில் மூழ்கி இறந்தான். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அதே நகரத்திலிருந்து வந்தோர் ஐடில்வைல்டில் நீரில் இறங்கி நிற்கும் படத்தை அந்நிகழ்வை அறிந்து காண்பதும் அறியாமல் காண்பதும் ஒன்றாகா. பொதுக்குளத்தில் நீரெடுக்கும் உரிமைக்காக 1927இல் மகாடில் அம்பேத்கர் தலைமையில் நடந்த போராட்டத்தை அறிந்த இந்திய வாசகருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இப்படங்களில் ஓய்வு என்பதே ஓர் உரிமைக்கோரிக்கை. அப்பொருளைப் படம் தானே பேசாது. பேசவைக்கும் பொறுப்பு படக்குறிப்புடையது.

ஆனால் இவ்வூரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் புகழ்பெற்றோரை நோக்கியே விரைகின்றன. 1893இல் சிகாகோவில் இதய அறுவை செய்து பெயர்பெற்ற மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் இங்கே குடியேறி 1931இல் இறந்தார். டூ பாய்ஸ் மனை வாங்கினார். 1921இல் 'தி க்ரைஸிஸ்' இதழில் இவ்வூரைப் போற்றி எழுதினார். 1950களில் பாரடைஸ், ஃபிளமிங்கோ ஆகிய கேளிக்கை மன்றங்கள் கலைஞர்களால் நிறைந்தன. ஆர்தர் பிராக்ஸ் நடத்திய ஆடல்பாடல் குழு பிற ஊர்களுக்கும் சென்றது. இவை மெய்யான செய்திகளே. எனினும் மேடையில் நின்றவருக்கு முழுப்பெயர், கரையில் நின்றவருக்கு 'குளிப்போர்' என்னும் பொதுப்பெயர் என்றாகும்போது, தவணை கட்டி ஊரை உருவாக்கியோர் பின்னணியாகச் சுருங்கிவிடுகின்றனர். உணவு சமைத்தோர், அறைகளைத் துடைத்தோர் நிலை இன்னும் கீழ்.

1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பொதுவிடுதிகளின் கதவுகளைத் திறந்தது. அதுவரை இங்கே வந்தோருக்கு வேறு ஊர்களும் வாய்த்தன. கூட்டம் குறைந்தது, மன்றங்கள் மூடப்பட்டன. இம்மாற்றத்தைச் 'சட்டம் ஊரைக் கொன்றது' எனச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. விலக்கப்பட்டதால் கூடியவர்களின் கூட்டத்தைப் பொற்காலம் என்றும், விலக்கு நீங்கியதை வீழ்ச்சி என்றும் எழுதினால், பிரிவினையே நன்மை செய்தது என்னும் முடிவை நோக்கி வாசகர் தள்ளப்படுவர். படநூலின் அமைப்பும் இத்தவற்றுக்குத் துணைபோகக்கூடியது. நெருக்கமான கூட்டப் படங்களுக்குப்பின் ஆளற்ற கட்டடத்தின் படம் ஒன்றை வைத்தாலே போதும். ஒரு வரியும் எழுதாமல் சாவு அறிவிக்கப்பட்டுவிடும்.

ஆயின் ஊர் சாகவில்லை. பணி ஓய்வு பெற்றோர் பலர் கோடைக்குடில்களையே நிலையான வீடுகளாக்கிக் கொண்டனர். தேவாலயமும் உள்ளாட்சியும் தொடர்ந்தன. 1979இல் இவ்வூர் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. கோடைவாசத்தலத்தின் படங்கள் இயல்பாகவே கோடைப்படங்கள். விருந்தினர் கேமராவோடு வந்தனர், கேமராவோடு திரும்பினர். பனிக்காலத்தில் அங்கேயே இருந்து விறகு பிளந்தவர், வரிக்கணக்கு எழுதியவர், ஞாயிறன்று தேவாலயக் கதவைத் திறந்தவர் ஆகியோரின் வரலாற்றுக்குப் படத்தொகுப்பு மட்டும் போதிய சான்றாகாது. உள்ளாட்சிப் பதிவேடு, தேவாலயக் குறிப்பு, மனைப்பத்திரம் ஆகியவற்றை நிழற்படத்தோடு பக்கத்துக்குப் பக்கம் இணைத்து வாசிக்கும் நூலே அதற்குத் தேவை.