மதுவும் போதைப்பொருளும்: ஒரு சமூகவியல் நோக்கு

‘மதுவும் போதைப்பொருளும்’ என்னும் தொடர் இன்று செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் அடிக்கடி வழங்கக் காண்கிறோம். இத்தொடரிலுள்ள எண்ணும்மை ஊன்றி நோக்கற்பாலது. மது போதை தருவதேயாயினும், போதைப்பொருள் என்னும் வகையினுள் அஃது அடங்காதென்ற கருத்து அவ்வும்மையிலே பொதிந்துள்ளது. கஞ்சாவும் அபினும் ஹெரோயினும் குற்றத்தின்பாற்படுவன, மது ஒழுக்கத்தின்பாற்படுவது. இப்பாகுபாடு எவ்வாறு தோன்றியது, யாருடைய நலனுக்குத் துணைபோகின்றது என்பவற்றை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

பண்டைத் தமிழிலக்கியத்திலே கள் பற்றி ஒருமித்த நோக்கு இருந்ததில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைச் செய்யுள் (புறநானூறு 235) அவன் கள்ளைப் பகிர்ந்தளித்தமையை அவனது வண்மையின் அடையாளமாக நினைவுகூர்கின்றது. இனக்குழுத் தலைவனின் பகிர்வு முறையில் கள் உறவை நிலைநிறுத்தும் பொருளாக இருந்தது. மணிமேகலையிலோ நாகர் தலைவன் அளிக்க முன்வந்த கள்ளையும் ஊனையும் வணிகனாகிய சாதுவன் மறுத்து, அவனுக்கு அறமுரைக்கின்றான். திருக்குறளிற் கள்ளுண்ணாமை வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே 93ஆம் அதிகாரமாக வைக்கப்பட்டுள்ளது. அவ்வதிகாரம் அறத்துப்பாலிலன்றிப் பொருட்பாலில் இடம்பெறுவது கருதத்தக்கது. வணிகமும் நகரமும் அரசும் வளர்ந்த சமுதாயத்திலே, செல்வத்தையும் பதவியையும் காக்கவேண்டியவனின் புலனடக்கம் புதிய விழுமியமாயிற்று. ஆகவே, இம்மாற்றத்தை அறவுணர்வின் வளர்ச்சியென்று மட்டும் விளக்குதல் போதாது.

யாழ்ப்பாணச் சமூகத்தை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் துலக்கமுறுகின்றது. இங்குக் கள் சீவுந் தொழில் சாதியமைப்பினால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குரியதாக ஒதுக்கப்பட்டிருந்தது. புகையிலையோ நிலவுடைமையாளரின் தோட்டப் பயிர். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகிப் பல குடும்பங்களின் செல்வத்துக்கு அடிப்படையாயமைந்த பணப்பயிர். இரண்டும் உடலைப் பாதிப்பன. இரண்டும் பழக்கத்துக்கு அடிமைப்படுத்துவன. ஆயினும் புகையிலைத் தோட்டம் குடும்ப மதிப்பின் சின்னமாயிற்று. கள்ளுக்கொட்டில் இழிவின் சின்னமாயிற்று. பிளாவிற் கள் அருந்தியவன் ‘வெறிக்குட்டி’ எனப்பட்டான். போத்தலில் அடைத்த வெளிநாட்டு மதுவை விருந்தினருக்கு அளித்தவனை அச்சொல் எளிதில் அணுகவில்லை. கள்ளை இகழ்ந்தோருள் அதனை அருந்தியோரும் இருந்தனர் என்பதை நாமறிவோம். பொருளின் இயல்பைக்காட்டிலும் அதனை ஆக்குவோரதும் நுகர்வோரதும் சமூக நிலையே மதிப்பீட்டைத் தீர்மானித்தது என்பது இதனாற் பெறப்படும்.

குடியேற்றவாத ஆட்சி இம்மதிப்பீடுகளுக்கு வருவாயென்னும் புதியதோர் அடிப்படையை வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சாராயக் குத்தகை அரசிறையின் முக்கிய ஊற்றாக இருந்தது. அபினும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. இலங்கையின் முதலாளித்துவ வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத் திரட்சியிற் சாராயக் குத்தகை வகித்த பங்கினைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1912ஆம் ஆண்டு மதுவரிச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கம் அந்நிய ஆட்சிக்கு எதிரான அரசியலுணர்வின் வடிகாலாகவும் அமைந்தது. சாராயத்தினால் உயர்ந்த வர்க்கத்தின் வழிவந்தோர் சிலர் மதுவிலக்கு மேடைகளிலே தோன்றியமை முரணாகத் தோன்றலாம். ஆனால், திரட்டிய செல்வம் மதிப்புடைமையைத் தேடும்போது தன் தோற்றுவாயை மறைக்க முயல்வது வரலாற்றிற் புதியதன்று.

சர்வதேசச் சட்டங்களின் வரலாறும் இவ்வகையிற் படிப்பினை தருவதாகும். பிரித்தானிய இந்தியாவில் 1893–94 காலப்பகுதியில் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா ஆணைக்குழு, அளவான கஞ்சாப் பயன்பாடு பெருந்தீங்கு விளைப்பதன்று என முடிவு செய்தது. எனினும் 1912இல் ஹேக் மாநாடு அபினையும், 1925இல் ஜெனீவா மாநாடு கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டினுள் கொணர்ந்தன. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒற்றைச் சமவாயம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் ஹெரோயினுடன் சேர்த்து வைத்தது. அப்பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது 2020 டிசம்பரிலேயே. மதுவுக்கு இச்சமவாயங்களில் இடமில்லை. ஐக்கிய அமெரிக்கா 1920 முதல் 1933 வரை மதுவைத் தடைசெய்து, கள்ளச் சந்தையும் வன்முறையும் பெருகியபின் அத்தடையைக் கைவிட்டது. தடையின் தோல்வி மதுவின் பொருட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏனைய பொருள்களின் பொருட்டு அப்பாடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. ஐரோப்பாவின் உணவு மேசையிலிருந்த பொருளுக்கும், ஆசிய, ஆபிரிக்க மக்களின் வழக்கிலிருந்த பொருள்களுக்கும் இடையே வரையப்பட்ட எல்லை வெறும் மருத்துவ எல்லையன்று.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நாம் கவனத்திற் கொள்ளல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26 இலட்சம் மரணங்களுக்கு மதுவும், 6 இலட்சம் மரணங்களுக்கு ஏனைய போதைப்பொருள்களும் காரணமாயின என உலக சுகாதார நிறுவனம் 2024இல் மதிப்பிட்டது. பிரித்தானியாவில் டேவிட் நட் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்துவோருக்கும் பிறருக்கும் விளையும் தீங்குகளை ஒருசேரக் கணித்தபோது மது 72 புள்ளிகளுடன் முதலிடத்தையும், ஹெரோயின் 55 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தையும் பெற்றன. இவற்றைக்கொண்டு ஹெரோயினிலும் மது கொடியதென முடிவு செய்தல் பொருந்தாது. மது எங்குங் கிடைப்பது, கோடிக்கணக்கானோர் நுகர்வது. தனியொருவர்பால் விளையும் தீங்கு வேறு, சமுதாயம் முழுவதிலும் திரளும் தீங்கு வேறு. ஆனால் இவ்வெதிர்வாதம் நமது கருத்தைத் தகர்க்கவில்லை. பிறிதொரு வினாவையே எழுப்புகின்றது. மது எங்குங் கிடைக்கும்படி செய்தது யார்?

இலங்கையில் 1984ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2 கிராம் ஹெரோயினை உடைமையில் வைத்திருத்தலுக்கும் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்க வழிசெய்தது. 1976இன் பின் இங்கு மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லையாயினும், சிறைக்கூடங்கள் வறியோரால் நிறைந்தன. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்னும் பெயரிலே தொடங்கிய பொலிஸ் நடவடிக்கையில், சில வாரங்களுள் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள் அதனை இடைநிறுத்துமாறு 2024 ஜனவரியில் வேண்டினர். மறுபுறம் மதுவரி அரசிறையின் பெருந்தூண்களுள் ஒன்றாகத் தொடர்கின்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மது விளம்பரத்தையும், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதையும் தடைசெய்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால் கட்டுப்படுத்தும் அரசே வருவாய் பெறும் அரசாகவும் இருக்கும்போது, கட்டுப்பாட்டின் எல்லையை வருவாயே வகுக்கும் அபாயம் உள்ளது. 2018 ஜனவரியிற் பெண்கள் மது வாங்குவதற்கிருந்த தடை நிதியமைச்சினால் நீக்கப்பட்டு, சில நாள்களுள் சனாதிபதியின் தலையீட்டினால் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆணின் குடியைப் பொறுத்துக்கொள்ளும் பண்பாடு, தன் தூய்மையின் சுமையைப் பெண்மீது ஏற்றுவதற்கு இது தக்க சான்றாகும்.

முற்போக்கு எழுத்தாளரும் இம்மதிப்பீடுகளிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். நமது சிறுகதைகளிலே தவறணையிலிருந்து தள்ளாடி வரும் தொழிலாளியை அடிக்கடி சந்திக்கின்றோம். தோட்டத்துரைமாரின் கழகத்திலே குடித்தவரை அருமையாகவே சந்திக்கின்றோம். கே. டானியலின் நாவல்கள் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை உள்ளிருந்து காட்டியமையால், அத்தகைய கதைகளில் வெறும் இழிவுச் சின்னங்களாக நின்ற உழைப்பாளர் அவற்றில் மனிதராயினர். ஆயினும், பொதுவில் நம் புனைகதைகளிற் குடி ஒரு குணக்குறையாகவே நின்றுவிடுகின்றது. கூலி நாளையும் மதுக்கடையையும் இணைக்கும் பொருளாதாரப் பிணைப்பு ஆராயப்படுவதில்லை.

இவ்வாறு கூறுதல் மதுவுக்குப் பரிந்துரைப்பதாகாது. கூலி வீடு வந்து சேராத நாளிற் பட்டினி கிடக்கும் பிள்ளைகளும், அடிபடும் பெண்களும் இப்பிரச்சினையின் முதற் சாட்சிகளாவர். அவர்களை மறந்து குடியை மக்கள் பண்பாடெனப் போற்றுதல் பொறுப்பற்ற செயலாகும். ஆனால், அவர்களின் பெயரால் வறியவனை மட்டும் சிறையிலிடுவதும் அவர்களுக்கு உதவாது. எப்பொருளாயினும், அதனால் விளையும் தீங்கு எவ்வளவு, அத்தீங்கை ஏற்போர் யார், ஆதாயம் பெறுவோர் யார் என்னும் மூன்று வினாக்களையும் ஒரே அளவுகோலாற் கேட்டல் வேண்டும். அடிமைப்பட்டோருக்குச் சிகிச்சையும், ஆதாயம் பெறுவோருக்குக் கட்டுப்பாடும் என்ற கொள்கை மதுவுக்கும் ஏனையவற்றுக்கும் பொதுவாதல் வேண்டும். அவ்வளவுகோலைக் கைக்கொள்ளாதவரை, போதைபற்றிய நமது ஒழுக்கப் பேச்சு வர்க்கத்தையும் சாதியையும் பற்றிய பேச்சாகவே இருந்துவரும்.