இருமுறை ஒலிக்கும் ஊர்ப்பெயர்

அமெரிக்காவின் பெரும்பாலான விமான நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. அங்கே விமானிகளே ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் குரலுக்கு ஓர் அழகிய இலக்கணம் உண்டு. பத்து மைல் தொலைவிலேயே பேச்சு தொடங்கிவிடும். முதலில் ஊர்ப்பெயர், பிறகு விமானம், இடம், உயரம், நோக்கம், முடிவில் மறுபடி ஊர்ப்பெயர். ஒரே அலைவரிசையைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்வதால், முதல் சொல்லைத் தவறவிட்டவருக்குக் கடைசிச் சொல் கைகொடுக்கும். எத்தனை கரிசனம்!

ஓடுபாதையை ஒட்டி, வழக்கமாக இடப்பக்கமே திரும்பி, சுமார் 1,000 அடி உயரத்தில் செவ்வகமாகச் சுற்றி இறங்குவார்கள்.

குரல் மட்டும் போதாது. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் இரு விமானிகளும் ரேடியோவில் அறிவித்தபடிதான் வந்தார்கள். நேரே வேகமாக வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா, சுற்றிவந்த சிறிய செஸ்னாவோடு மோதியது, மூவர் இறந்தனர். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் கண்ணாடிக்கு வெளியே நிதானமாக ஒரு பார்வை வேண்டும். ரேடியோவே இல்லாத பழைய விமானமும் அங்கே வந்துகொண்டிருக்கலாம்.