பாலங்களைப் பிறகு பார்க்கலாம்

புரூக்ளின் பாலப் பூங்காவின் கூழாங்கல் கரைக்கு வருகிறவர்களில் பலர் செல்ஃபிக்காகத் தண்ணீருக்கு முதுகு காட்டியே நிற்கிறார்கள். நியூயார்க்கின் இரண்டு பெரிய தொங்குபாலங்களுக்கு நடுவே இருக்கும் இடம், ஆசை வரத்தான் செய்யும். பாலங்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. முதலில் கரையில் இறங்குங்கள்.

தண்ணீரை ஒட்டி, கற்களின் மேலேயே உட்காருங்கள். ஒரு படகு கடந்துபோய்ச் சற்று நேரம் கழித்துத்தான் அதன் அலை கரைக்கு வந்து சேரும். அதுவரை பேச்சை நிறுத்திவையுங்கள். அலை ஏறும் ஓசை எல்லாக் கரைக்கும் பொது. இங்கே கேட்கவேண்டியது அது திரும்பும்போதுதான். வடியும் நீர் சிறு கற்களை உருட்டிக்கொண்டு இறங்க, அவை ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும். மணற்கரையில் இதைக் கேட்க வழியில்லை. வலப்பக்கம் மன்ஹாட்டன் பாலத்தில் சப்வே ரயில் தடதடத்தால் எல்லாம் மூழ்கிப்போகும். ரயிலைத் திட்டாதீர்கள், அந்த இரைச்சல் அடங்கியதும் காது இன்னும் கூர்மையாகியிருக்கும்.

அடுத்து, நீரோட்டம். எதிரே ஓடும் ஈஸ்ட் ரிவர் ஆறு அல்ல. இரு முனையிலும் கடலோடு சேரும் நீரிணை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். மிதந்துவரும் குச்சி ஒன்றைக் கண்ணால் தொடருங்கள். இடப்பக்கம் புரூக்ளின் பாலத்தை நோக்கிப் போனால், நீர் துறைமுகத்துக்கு வடிகிறது. ஓதம் வற்றிய வேளையில் கரை அகலமாகக் கிடைக்கும். நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கே நீந்த அனுமதி இல்லை.

ஒரு கல்லை நனைத்தும் பாருங்கள். காய்ந்த கல்லின் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் அது வெளிறித் தெரியும். நீர்ப்படலம் அதை நிரவியதும் உள்ளிருக்கும் நிறம் துலங்கும். பார்த்த கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனிப் பாலங்கள். 1883இல் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலத்துக்குக் கல் கோபுரங்கள். 1909இல் திறக்கப்பட்ட மன்ஹாட்டன் பாலத்துக்கு எஃகுக் கோபுரங்கள். 26 ஆண்டுகளில் நடந்த மாற்றத்தைக் கழுத்தைத் திருப்பியே பார்த்துவிடலாம். எனக்கு மனம் நிற்பது பழைய பாலத்தில்தான். அதை வடிவமைத்த ஜான் ரோப்ளிங், 1869இல் பக்கத்திலிருக்கும் ஃபுல்டன் படகுத்துறையில் அளவெடுக்கும்போது கால் நசுங்கி, சில வாரங்களில் இறந்தார். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டன், நீருக்கடியில் அழுத்தக் காற்று அறைகளில் வேலைபார்த்து நோயில் விழுந்தார். கணவரின் கட்டளைகளைப் பணியிடத்துக்குக் கொண்டுசென்று, வேலை நின்றுவிடாமல் காத்தவர் வாஷிங்டனின் மனைவி எமிலி ரோப்ளிங்.

எஃப் ரயிலில் யார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் சில நிமிட நடை. ஈரக்கல் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.