உயர்ந்த பானெட்டின் நியாயம்

பழைய ஜீப்பை வீட்டுக் கொட்டகையில் வைத்து உயிர்ப்பிக்கும் வேலையில் மனத்தைப் பறிகொடுத்தவர்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. யுத்த காலத்து வில்லிஸ் எம்.பி.யின் தாழ்ந்த முகமே ஜீப்பின் லட்சணம், பின்னால் வந்தவை யாவும் அதன் க்ஷீணித்த வாரிசுகளே என்பது முதல் கட்சியாரின் சித்தாந்தம். 1953-இல் வெளிவந்த சி.ஜே.3பி.யின் உயர்ந்த பானெட்டுக்கு அடிமைப்பட்டவர்கள் இரண்டாவது கட்சி. நான் அதைச் சேர்ந்தவன். 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனி ஒன்றே மூன்று லட்சத்துக்கும் மேலாகச் செய்து போர்முனைகளுக்கு அனுப்பிய அந்த வண்டியின் கீர்த்தியை நான் குறைத்துப் பேசுபவன் அல்லன். ஆனால் எம்.பி. அபிமானிகள் எந்த நெற்றியைப் பார்த்து விகாரம் என்று பரிகசிக்கிறார்களோ, அந்த நெற்றி அலங்காரத்துக்காகவோ சபலத்துக்காகவோ உயர்த்தப்பட்டதன்று. உள்ளே இருக்கும் ஹரிக்கேன் இன்ஜினுக்கு இடம் விடுவதற்காக உயர்ந்தது.

முந்திய கோ-டெவில் இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் என்ற இரு வால்வுகளும் பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் அடங்கியிருந்தன. அதன் சக்தி 60 குதிரைத்திறன். அதே 2,199 சி.சி. கொள்ளளவையும், அதே நீண்ட ஸ்ட்ரோக்கையும் வைத்துக்கொண்டு, எக்ஸாஸ்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இன்லெட் வால்வை மட்டும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே புக வழி கிடைத்தது; சக்தி 70-ஐத் தாண்டிற்று; இன்ஜினின் உயரமும் கூடிற்று. அந்த உயரத்தை மறைக்க முயலாமல், நேர்கோடாகவே பானெட்டைத் தூக்கி நிறுத்திய தைரியம் எனக்கு எப்போதும் ரசிக்கத்தக்கதாகவே தோன்றியிருக்கிறது.

துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி ஒட்டுவதையும், ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிக் கருமானிடம் கொடுப்பதையும், வயரிங்கைப் புதிதாக இழுப்பதையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பொறுமையும் பணமும் உள்ள எவருக்கும் அவை கைகூடும். எனக்கு நாள் முழுதும் அலுக்காத வேலை வால்வு வேலைதான். ஹெட்டைத் தூக்கியதும், கரி படிந்த நான்கு எக்ஸாஸ்ட் வால்வுகளும் சிலிண்டர்களின் ஓரத்தில் அண்ணாந்து கிடக்கும் காட்சி இருக்கிறதே, ஓர் இன்ஜினின் பூர்வோத்தரம் அத்தனையும் அங்கே எழுதப்பட்டிருக்கும். தண்ணீர் வற்றி ஓடிய இன்ஜினாக இருந்தால், வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை போன்ற ஒரு விரிசல் காணக்கூடும். அதைத் துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்த பிறகே மேலே செலவு செய்வதா என்று தீர்மானிக்க வேண்டும். விரிசல் இல்லையென்றால், கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர்க் கிண்ணம் வைத்த குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டி, வால்வும் சீட்டும் ஒன்றையொன்று தழுவும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமுள்ள வளையம் தோன்றும்வரை தேய்க்க வேண்டும். பிறகு வால்வின் முகத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இட்டு, சீட்டில் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தால், அத்தனை கோடுகளும் அழிந்திருக்க வேண்டும். ஒரு கோடு மிஞ்சினாலும் வேலை முடியவில்லை. கடைசியில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கும், எக்ஸாஸ்டுக்கு 16 பங்கும் இடைவெளி வைத்து டேப்பெட்டைப் பூட்ட வேண்டும். மேலே உள்ளதைச் சௌகரியமாக நின்றுகொண்டு செய்யலாம். கீழே உள்ளதற்கோ மேனிஃபோல்டுக்கு அடியில், பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, கை நுழையாத இடத்தில் ஸ்பானரை நுழைத்தாக வேண்டும். அவசரக்காரர்கள் மேலே உள்ளதை மட்டும் சரிசெய்துவிட்டு மூடிவிடுவார்கள். இன்ஜின் தன் சத்தத்தாலேயே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நாதத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். போடி, கம்பம் பக்கத்தில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் மலை ஏறும் சத்தத்தைக் கேட்டே இன்னார் வண்டி என்று சொல்லக்கூடியவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின் மீதும் பிடியைக் காதிலும் வைத்து, எந்த டேப்பெட் தளர்ந்திருக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்டிய முதிய மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். இன்று பட்டறைகளில் அந்தக் காது அருகிவிட்டது. கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே மாற்றிவிடலாம் என்ற யோசனை வந்துவிடுகிறது.

மாற்றுவது என்றால் டீசல். 1949 முதல் வில்லிஸ் வண்டிகளை உதிரிகளாகத் தருவித்து மும்பையில் பூட்டத் தொடங்கிய மஹீந்திரா, அமெரிக்காவில் 1968-இல் சி.ஜே.3பி. நின்ற பிறகும் அந்த முகத்தை இங்கே வாழவைத்தது. பிற்காலத்தில் அதுவும் டீசலுக்கு மாறிற்று. வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தியவர்கள் பெட்ரோல் விலையைக் கணக்கிட்டு இன்ஜினை மாற்றியதில் நான் ஒரு குற்றமும் காணவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஆசைக்கு ஓட்டுவதற்காக வண்டி வைத்திருப்பவர்கள் அதே காரியத்தைச் செய்துவிட்டு, 16 அங்குலச் சக்கரங்களைக் களைந்து அகன்ற டயர் மாட்டி, தகட்டுப் பள்ளங்களில் விரல்கனத்துக்குப் பட்டி பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்து, பழமையை மீட்டுவிட்டதாக மகிழ்வதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. எந்த இன்ஜினுக்காக அந்த பானெட் உயர்ந்ததோ, அந்த இன்ஜினே உள்ளே இல்லாதபோது மீட்கப்பட்டது என்ன?

சட்டமும் இப்போது என் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியாக இருப்பது மட்டும் போதாது. சேஸிஸும் பாடியும் இன்ஜினும் பெருமளவில் மாற்றப்படாததாகவும் இருந்தால்தான் 'வி.ஏ.' எழுத்துகளோடு கூடிய விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆகவே, தகப்பனார் காலத்தில் டீசல் ஏற்றியபோது கழற்றப்பட்ட ஹரிக்கேன் இன்ஜின் உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடக்குமானால், தயவுசெய்து அதை இரும்புக்கடைக்கு எடை போட்டு விற்றுவிடாதீர்கள். ஹெட்டைத் தூக்கி, எக்ஸாஸ்ட் சீட்டில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.