டிமீற்றரின் துயரும் சியூஸின் சம்மதமும்

கிரேக்கப் புராணங்களில் மனித உள்ளத்தின் சாயலைக் காணும் நோக்கு, ஈடிப்பசின் கதைக்குப் பிராய்ட் அளித்த விளக்கத்தோடு பரவலாயிற்று. நெருக்கடி மிக்க காலங்களில் அந்நோக்கு மேலும் ஆழம் பெற்றது என்பதற்கு, உலகப் போரின் நடுவே 1941இல் யுங்கும் கெரெனியும் இணைந்து வெளியிட்ட நூல் சான்றாகும். டிமீற்றர், பேர்சிபொனி என்னும் தாய் மகளின் கதையை அவர்கள் அதில் ஆராய்ந்தனர். தாயும் மகளும் ஒருவருள் ஒருவர் உறைகின்றனர் என்பது யுங்கின் துணிபு. அவ்வாறாயின், அவர்களது பிரிவு ஓருயிர் இரண்டாகக் கிழிபடுவதேயாகும்.

இவ்விளக்கம் சிறந்ததே, ஆயினும் முழுமையானதன்று. டிமீற்றரைப் போற்றும் பழம் துதிப்பாடலை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். பாதாள வேந்தன் ஹேடீஸ் பேர்சிபொனியைக் கவர்ந்து சென்றது தற்செயலன்று. அவளது தந்தையும் தேவர் தலைவனுமாகிய சியூஸ் அதற்கு முன்னரே இசைவளித்திருந்தான். தாயை எவரும் கேட்கவில்லை. இப்பிரிவை உள்ளத்தின் இயல்பான வளர்ச்சி என்று மட்டும் விளக்குவோர் அந்தச் சம்மதத்தை மறந்துவிடுகின்றனர்.

மலையகத்தவர்க்கு அதனை மறத்தல் எளிதன்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எம்மக்களின் கருத்தை எவரும் வினவவில்லை. என் அம்மாயியின் அக்காள் தன் கணவனோடு றொசல்ல புகையிரத நிலையத்திலிருந்துதான் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டாள். அவள் பின்னர் மீளவேயில்லை.

ஒப்புமை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. துயருற்ற டிமீற்றர் விளைச்சலை நிறுத்தினாள், விதைகள் மண்ணுள்ளே கிடந்தன, சியூஸ் பணிந்தான். ஆண்டின் மூன்றில் இரு பங்கைத் தாயுடன் கழிக்கப் பேர்சிபொனி மீண்டாள். அம்மாயியின் தாயோ மறுநாட் காலை பெரட்டுக்குச் சென்றாள். கூடையைச் சுமந்து மலையேறினாள். கொழுந்து வழமைபோலத் துளிர்த்தது. அவளது துயருக்காக எந்த அரசும் பணியவில்லை.

அவளுக்கு எஞ்சியது மாசி மாதக் காமன் கூத்தே. எரிந்துபோன மதனுக்காக ரதி புலம்பும்போது, கூட்டத்தோடு கூட்டமாய் அவளும் தன் மகளுக்காக அழுவாள் என்று அம்மாயி கூறுவார். தனியே அழ நேரமற்ற ஒருத்திக்கு ரதியின் அழுகை இடமளித்தது. எலூசிஸ் நகரத்தார் டிமீற்றரின் துயரை ஆண்டுதோறும் சடங்காக நினைவுகூர்ந்ததன் உட்பொருளும் இதனால் எமக்கு விளங்குகிறது.

புராணம் துன்பத்துக்கு மருந்தாகும் என்பது மிகைக்கூற்று. அது துன்பத்துக்கு ஓர் உருவம் தருகிறது. எவர் சம்மதத்தால் அத்துன்பம் நேர்ந்தது என்பதையும் உடன் சொல்கிறது. பின்னதைக் கைவிடும் உளவியற் திறனாய்வு அழுதவளின் உள்ளத்தை ஆராயும். அழவைத்தவனையோ விசாரியாது விட்டுவிடும்.