ஒரே மெட்டு, இரண்டு குரல்

வள்ளூர் அனல்மின் நிலையப் பக்கம், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் கேட்டாலும் மனத்தைப் பிசைகிற ஆல்பம் ‘7ஜி ரெயின்போ காலனி’. 2004இல் செல்வராகவன் இயக்கிய படம். இசை யுவன் சங்கர் ராஜா, பாடல்கள் நா. முத்துக்குமார்.

காதலியை விபத்தில் பறிகொடுத்தவனின் கதை.

ஒரே மெட்டை ‘நினைத்து நினைத்துப் பார்த்தால்’ என்று ஸ்ரேயா கோஷலும் ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ என்று கேகேயும் பாடியிருக்கிறார்கள். இருவருக்குமே தமிழ் தாய்மொழி அல்ல. ஸ்ரேயாவிடம் அது ஏக்கம். கேகேயிடம் இழப்பு: மெட்டு மேலே ஏறும்போது அவர் குரல் அழுவதில்லை, இறுகுகிறது. அந்த இறுக்கம்தான் கேட்பவரைக் கலங்கடிக்கிறது.

கார்த்திக் பாடிய ‘கண் பேசும் வார்த்தைகள்’ வேறு ரகம். ஒருதலைக் காதலின் தவிப்பை முத்துக்குமார் அலங்காரமில்லாமல், தெருப்பையன் பேசுகிற எளிமையில் எழுதினார். அதனால்தான் அடுத்த தலைமுறையும் அதை முணுமுணுக்கிறது.