மரமும் கயிறும் ஒரு டயரும்

மென்பொருள் அலுவலகங்களின் தடுப்புப் பலகைகளில் குண்டூசி குத்திய ஒரு தாள் தொங்கும். நகலுக்கு நகல் எடுத்துக் கோடுகள் தடித்துப்போன ஊஞ்சல் படம். 1970களிலேயே கைமாறிக்கொண்டிருந்த அதில் வரைந்தவர் பெயர் இருக்காது. எனக்கோ அந்தக் கையின் மேல் தீராத பிரியம். கட்டத்துக்குக் கட்டம் அதே மரம்தான், ஆளுக்கு ஆள் மாறுவது வாடிக்கையாளர் கேட்ட ஊஞ்சல். வாடிக்கையாளர் விவரித்ததில் மூன்று பலகைகள் அடுக்கியிருக்கும். திட்டத் தலைவர் புரிந்துகொண்டதில் கயிறுகள் இருபக்கக் கிளைகளிலிருந்து தொங்க, பலகை அடிமரத்தில் இடிக்கும். வடிவமைப்பாளர் அதற்கும் வழி கண்டுபிடிப்பார்: அடிமரத்தின் நடுவை அறுத்தெடுத்து, மேல்பாதிக்கு முட்டுக்கொடுத்து, ஊஞ்சல் போய்வர இடம் விடுவார். அந்த முட்டுக்கட்டைகளை ஓவியர் என்ன பொறுமையோடு வரைந்திருக்கிறார்! திட்டத்தின் ஆவணத்தைக் காட்டும் கட்டத்தில் மட்டும் மரமே இல்லை, வெறும் வெள்ளை. கடைசியில், வாடிக்கையாளருக்கு உண்மையில் வேண்டியிருந்தது: கிளையில் ஒரு கயிறு, அதில் ஒரு டயர்.

கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையோடு வருகிறவர்கள் அதன்முன் நிற்பார்கள். முதலில் மூக்கு வழியே சின்னதாக ஒரு சிரிப்பு வரும். பிறகு ஒரு விரல் தன்னுடைய கட்டத்தில் போய் நிற்கும். நிரல் எழுதியவரும் அதில் பிழை கண்டவரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கும். எங்கள் தளத்துத் தாளில் யாரோ அந்த டயருக்குள் பென்சிலால் ஒரு குழந்தையை உட்காரவைத்திருந்தார்கள். கால்கள் தரையைத் தொடவில்லை.